ஆட்டைக் காணோமே சார்

என் முதல் கதை அச்சில் வந்தபோது எனக்கு வயது 57. கரிசல் பக்கம் ஒரு சின்ன துணை அஞ்சலகத்தில் கவுன்ட்டர் வேலை. ஓய்வு பெற மூன்று வருஷம் பாக்கி. "ரிட்டையர் ஆகுற நேரத்துல எதுக்கு சார் இந்த வம்பு?" என்றார் எங்கள் தபால்காரர்.

நான் எழுதப் பழகியது மணியார்டர் பாரத்தில். பாரத்தின் அடியில் ஒரு துண்டு இருக்கும், பணம் வாங்குகிறவர் வைத்துக்கொள்ள. அதில் சேதி எழுத நாலு விரற்கடை இடம். இருபது ரூபாய்க்கு ஒரு ரூபாய் கமிஷன். சேதிக்குத் தனியாகக் காசில்லை. எழுதத் தெரியாதவர்கள் பாரத்தை என்னிடமே நீட்டிவிட்டுச் சொல்லிக்கொண்டே போவார்கள். நான் சுருக்குவேன். வரிசையில் நிற்பவர்கள் முறைப்பார்களே!

தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் ஒரு அம்மா, விடுதியில் படிக்கும் மகனுக்கு மாசாமாசம் 300 ரூபாய் அனுப்புவார். ஒருநாள் ஐந்து நிமிஷம் பேசினார். மழை இல்லை, ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கிறது, வீட்டுப் பக்கமே அவன் அப்பா வருவதில்லை. 'அனைவரும் நலம். நன்றாகப் படிக்கவும்' என்று எழுதி வாசித்துக் காட்டினேன்.

"ஆட்டைக் காணோமே சார்" என்றார்.

துண்டின் ஓரத்தில் ஆட்டையும் இரண்டு குட்டிகளையும் நெருக்கி எழுதிக் கொடுத்தேன்.

2008இல் மின் மணியார்டர் வந்தது. சேதி எழுத வேண்டாம், தயாராக இருக்கும் வாசகங்களில் ஒன்றுக்கு நம்பர் போட்டால் போதும். 2015இல் பழைய முறையே நின்றது. கவுன்ட்டரில் யாரும் ஊர்க்கதை சொல்வதில்லை. கை சும்மா இருக்க முடியாமல்தான் கதை எழுதத் தொடங்கினேன் என்று நினைக்கிறேன்.

முதல் இரண்டும் திரும்பி வந்தன. வராமல் என்ன செய்யும்? காதல் கதையில், 'மேற்படி பெண் 11.15 மணியளவில் வருகை புரிந்தார்' என்று எழுதியிருந்தேன்.

கரிசல் எழுத்தாளர் இடைசெவல் கி.ராஜநாராயணனும் முப்பதைத் தாண்டித்தான் எழுத வந்தார், 1991இல் சாகித்திய அகாதெமி விருதே வாங்கினார் என்று நண்பர்கள் தேற்றுவார்கள். முப்பது எங்கே, ஐம்பத்தேழு எங்கே! வயதைக்கூட விடுங்கள். அவர் அந்த மக்களின் பேச்சைச் சொல் சொல்லாகச் சேர்த்து வைத்தவர். நான் அதே பேச்சை 'அனைவரும் நலம்' ஆக்கிச் சம்பளம் வாங்கியவன். தாமதமாக வந்ததில் எனக்குப் பெரிய நஷ்டமில்லை. சுருக்கியே பழகிய கைதான் இன்னும் வசப்படவில்லை. எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கத்திலும் ஆட்டைத் தேடுகிறேன். பாதிக்குப் பாதி காணோம்.

இன்னொன்றும் இப்போதுதான் உறைக்கிறது. அன்றைக்கு அந்த அம்மா ஆட்டை மட்டும்தான் கேட்டார். வீட்டுக்காரர் வராததை நான் எழுதாமல் விட்டதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. புதுக் கதையில் மூன்று வாரமாக அந்த இடத்தில்தான் நிற்கிறேன்.