மாடு களவுபோனால் முதலில் ஒரு பொலிஸ் என்ட்ரி

இலங்கையில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் எங்கள் படுவான்கரையில் மாட்டுக் களவு புதினமில்லை. பெரும்போக நெல் விதைத்ததும் மாடுகளை ஊருக்குள் வைத்திருக்க முடியாது. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரைப் பக்கம் கொண்டுபோய்ப் பட்டி போட வேண்டும். திரும்பி வரும்போது ஒன்றிரண்டு குறைந்தால் ‘காட்டில தவறியிருக்கும்’ என்று விட்டுவிடுவார்கள். எங்கள் மாமாவின் மாடுகள் அப்படித் தவறவில்லை. அறுவடைக்குப் பிறகு வளவில் கட்டியிருந்த கறவைப் பசுவும் ஒரு நாகும் (இன்னும் கன்று போடாத இளம் பசு) இரவோடு இரவாகப் போயின. முள்ளுக்கம்பி குறட்டால் வெட்டப்பட்டிருந்தது. ரோட்டோரத்தில் பட்டா என்கிற சின்ன லொறி பின்பக்கமாக வந்து நின்ற தடம் வேறு.

பக்கத்து வீட்டு அண்ணன், “பொலிசுக்குப் போய் என்ன வரப்போகுது? போன வருசம் எங்கட ரெண்டு மாடு போனது, நான் போனனா?” என்றார். விசாரித்தால் அந்த ஒழுங்கையிலேயே தண்ணி மெசின், நெல் மூட்டை, மாடு என்று பறிகொடுக்காத வீடு குறைவு. முறைப்பாடு செய்தவர் எவருமில்லை.

மாமாவைக் கூட்டிக்கொண்டு நான் போனேன். முறைப்பாட்டு மேசையில் இருந்தவருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. சிங்களத்தில் எழுதிவிட்டு “கையெழுத்து வைங்க” என்றார். மாமா பேனையை எடுத்துவிட்டார். நான்தான் மறித்தேன். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவையில் 109ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வாயால் சொல்லும் முறைப்பாட்டைச் சொன்ன மொழியிலேயே எழுதி, வாசித்துக் காட்ட வேண்டும். எழுதுபவருக்கு அந்த மொழி வராவிட்டால், வந்தவரையே அவருடைய மொழியில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். சட்ட இலக்கமெல்லாம் அங்கே நான் சொல்லவில்லை. சொன்னால் ஆளுக்குக் கோபம்தான் வரும். “சேர், நாங்களே தமிழில் எழுதித் தாறம், உங்களுக்கும் வேலை மிச்சம்” என்றேன். சரி என்று தாளைத் தந்தார்.

எழுதும்போதுதான் எது பெறுமதி என்று புரிந்தது. ‘சிவப்புப் பசு ஒன்று’ என்றால் அது யாருடைய பசுவாகவும் இருக்கலாம். இரண்டின் வலது தொடையிலும் சுட்டிருந்த குறியை மாமா தன் கையாலேயே தாளில் கீறினார்: ஓர் எழுத்து, கீழே ஒரு கோடு, கோட்டின் நுனியில் வளைவு. நாகின் காதுப்பட்டி இலக்கம் கால்நடை வைத்திய அலுவலகம் தந்த துண்டில் இருந்தது. வாகனத் தடத்தையும் எழுதினோம். முறைப்பாட்டு இலக்கமும் திகதியும் உள்ள துண்டைக் கேட்டு வாங்கிய பிறகுதான் வெளியே வந்தோம். “மறுகா வந்து எடுங்க” என்றால் நம்பிப் போய்விடாதீர்கள்.

அந்தத் துண்டுதான் பிறகு கைகொடுத்தது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மாடு ஏற்றிப்போன வாகனம் ஒன்று வேறொரு பொலிஸ் பிரிவில் பிடிபட்டதாகக் கேள்விப்பட்டுப் போனோம். நாகு நின்றது, காதுப்பட்டியை அறுத்திருந்தார்கள், ஆனால் தொடைக் குறியை அவர்களால் என்ன செய்ய முடியும்? தாளில் கீறியதும் தொடையில் இருந்ததும் ஒன்றாக இருந்ததால் பேச்சு நீளவில்லை. ஆனாலும் பொலிசார் நேரே அவிழ்த்துத் தரமாட்டார்கள். அது வழக்குப் பொருள். நீதவான் நீதிமன்றத்தில் உரிமையைக் காட்டி, பிணைமுறியில் ஒப்பமிட்டுத்தான் எடுக்க வேண்டும். கிராம சேவகரின் கடிதத்தையும் கொண்டு போனோம்.

அடுத்து வந்த சமூகப் பொலிஸ் குழுக் கூட்டத்தில் இரவு ரோந்து கேட்டோம். பொறுப்பதிகாரி பதிவுப் புத்தகத்தைப் புரட்டி, “உங்கட ஊரில ஒரு களவுதானே பதிஞ்சிருக்கு” என்றார். பொய் சொல்லவில்லை அவர். எங்களுக்கு ஊர் முழுக்கக் களவு. அவருடைய புத்தகத்தில் அது அமைதியான ஊர். வாகனத்தையும் ஆளையும் எங்கே அனுப்புவது என்று அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தானே முடிவெடுப்பார்? எனக்கு எரிச்சல் வந்தது அவர்மேல் அல்ல, பின்வரிசையில் தலையாட்டிக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள்மேல்.

கூட்டம் முடிந்ததும் பக்கத்து வீட்டு அண்ணன் பழைய களவை இப்போது எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டார். கொடுக்கலாம், ஏன் பிந்தியது என்பதையும் அதிலேயே எழுத வேண்டும் என்றேன். அவருடைய தண்ணி மெசினும் களவுபோயிருந்தது, அதற்கு ரசீது தேடுகிறார். என்ஜின் இலக்கம் அதில்தான் இருக்கும். பசு இன்னும் கிடைக்கவில்லை. வழக்குத் தவணைக்கு மாமாவோடு நானும் போகிறேன்.