சும்மா கிடக்கும் எஸ்எஸ்ஹெச் அறுந்துபோகாமல் இருக்க

பெங்களூரு, ஜூன் 9

எஸ்எஸ்ஹெச்சில், அதாவது தொலைவிலுள்ள சர்வருக்குள் நுழைந்து வேலை செய்யும் இணைப்பில், சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் டெர்மினல் உறைந்துவிடுகிறது என்பதுதான் டீமில் ஓயாத புகார். கான்ஃபிகில் கை வைக்கும் முன் அறுப்பது யார் என்று பாருங்கள். ‘ப்ரோக்கன் பைப்’ என்று வந்தால் பெரும்பாலும் நடுவில் இருக்கும் நாட் (பல கருவிகளை ஒரே வெளி ஐபியில் இணைக்கும் ஏற்பாடு), ஃபயர்வால், லோட் பேலன்சர் இவற்றில் ஒன்று. ‘ஆட்டோ லாகவுட்’ என்று வந்தால் ஷெல்லே (சர்வரில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) வெளியே தள்ளியிருக்கிறது. மருந்து வேறு வேறு.

உறைந்த விண்டோவை மூட வேண்டாம். என்டர், டில்டே, புள்ளி: வரிசையாகத் தட்டினால் லோக்கல் ப்ராம்ப்ட் திரும்பிவிடும்.

ஜூன் 10

நாட் ஒவ்வொரு இணைப்பையும் ஒரு அட்டவணையில் வைத்திருக்கும். போக்குவரத்து இல்லாவிட்டால் அந்த வரியை அழித்துவிடும். நிலைபெற்ற டிசிபி இணைப்பைக் குறைந்தது 2 மணி 4 நிமிடம் வைத்திருக்கச் சொல்கிறது 2008-இன் இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 5382. அமேசான் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸின் நாட் கேட்வே காத்திருப்பதோ 350 விநாடிதான். ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் டிசிபி கீப்அலைவ் (இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) இயல்பாகவே ஆன். ஆனால் லினக்ஸ் முதல் சோதனைப் பாக்கெட்டை அனுப்புவது 7200 விநாடி கழித்து. அதற்குள் கதை முடிந்திருக்கும்.

ஆகவே லேப்டாப்பில், டாட் எஸ்எஸ்ஹெச் ஃபோல்டரின் கான்ஃபிக் ஃபைலில், ‘ஹோஸ்ட் *’ என்பதன் கீழ் சர்வர்அலைவ்இன்டர்வல் 60, சர்வர்அலைவ்கவுன்ட்மேக்ஸ் 5. முதலாவது எத்தனை விநாடிக்கு ஒருமுறை சர்வரைத் தட்டிப் பார்ப்பது, இரண்டாவது எத்தனை முறை பதில் வராவிட்டால் அறுப்பது. முதலாவது இயல்பில் 0, அதாவது ஆஃப். முதலில் கிடைக்கும் மதிப்புதான் நிற்கும் என்பதால் இந்தப் பகுதியை ஃபைலின் கடைசியில் வையுங்கள். புட்டி என்ற எஸ்எஸ்ஹெச் நிரலில் கனெக்‌ஷன் பக்கத்தில் கீப்அலைவ் விநாடி 60.

ஜூன் 11

இன்டர்வலை 15 ஆக்கினால் இன்னும் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். நேர்மாறு. கவுன்ட் இயல்பில் 3. 15 × 3, 45 விநாடி பதில் வராவிட்டால் கிளையன்ட்டே இணைப்பை அறுத்துவிடும். பர்பிள் லைன் மெட்ரோ கப்பன் பார்க்கிலிருந்து மெஜஸ்டிக் வரை சுரங்கத்தில் போகிறது. ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் சிக்னல் ஒரு நிமிடம் மறைந்தாலே போச்சு. 60 × 5 என்றால் ஐந்து நிமிடம் தாங்கும். ஐபி மாறாதிருந்தால் டிசிபி விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஜூன் 13

ஷெல் தள்ளினால் ‘எக்கோ $டிஎம்அவுட்’ போட்டுப் பாருங்கள். 600 என்றால் ப்ராம்ப்டில் பத்து நிமிடம் எதுவும் தட்டாவிட்டால் பாஷ் (அந்த ஷெல்லின் பெயர்) வெளியேறும். கீப்அலைவ் பாக்கெட் ஷெல்லுக்குப் போய்ச் சேருவதே இல்லை, அதனால் இங்கே உதவாது. ப்ரொடக்‌ஷன் பாஸ்டியனில் (உள் சர்வர்களுக்குப் போகும் நுழைவு சர்வர்) டிஎம்அவுட்டை மாற்ற முடியாதபடி ரீட்ஒன்லியாக வைத்திருந்தால் குறுக்குவழி தேடாதீர்கள், செக்யூரிட்டி ஆட்களிடம் கேளுங்கள். திறந்து கிடக்கும் ரூட் ப்ராம்ப்ட் நிஜமாகவே ஆபத்து.

சர்வர் பக்கம் ஒன்று. சும்மா இருப்பவரை வெளியேற்ற கிளையன்ட்அலைவ்கவுன்ட்மேக்ஸ் 0 என்று பழைய கையேடுகள் சொல்லும். 2020-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.2 முதல் அந்த 0-க்கு ‘ஒருபோதும் அறுக்காதே’ என்று பொருள்.

ஜூன் 15

மழை, கரன்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் ரௌட்டர் ரீபூட். வெளி ஐபி மாறிவிட்டால் எந்தக் கீப்அலைவும் காப்பாற்றாது. நீண்ட பில்டை, இணைப்பு அறுந்தாலும் சர்வரில் செஷனை உயிரோடு வைத்திருக்கும் டீமக்ஸுக்குள் ஓட்டுங்கள்: ‘டீமக்ஸ் நியூ’, ஒரு கோடு (-) போட்டு ஒட்டினாற்போல் பெரிய ஏ, சிறிய எஸ், பிறகு ஒரு பெயர். அந்தப் பெயரில் செஷன் இருந்தால் ஒட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் உருவாக்கும். ஆனால் டிஎம்அவுட் டீமக்ஸுக்குள் இருக்கும் பாஷுக்கும் பொருந்தும்: பில்ட் ஓடும்வரை தொடாது, முடிந்து ப்ராம்ப்ட் வந்ததும் எண்ணத் தொடங்கும். அவுட்புட்டை ‘டீ’ கட்டளை போட்டு ஒரு ஃபைலிலும் எழுதிவிடுங்கள்.