இருபது பக்கப் பயணம்

கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் இருபது பக்கம், நின்றுகொண்டு வந்தால் பூஜ்யம். இதுதான் என் வாசிப்புக் கணக்கு.

இந்த மாதம் பையில் இருப்பது பிரபஞ்சனின் ‘வானம் வசப்படும்’. 1995-இல் சாகித்ய அகாதமி விருது வாங்கிய நாவல். பிரெஞ்சுக்காரரான துய்ப்ளேக்ஸ் கவர்னராக இருந்த காலத்துப் புதுச்சேரி. அதில் வரும் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், ஆனந்தரங்கப் பிள்ளை நிஜ மனிதர். அவர் வீடு பெரிய மார்க்கெட் பக்கம் இன்னமும் நிற்கிறது. இத்தனை வருடம் அந்தப் பக்கம் கத்தரிக்காய் வாங்கப் போய் வந்திருக்கிறேன், நிமிர்ந்து பார்த்ததில்லை!

நாவலை முடிக்குமுன்பே பிள்ளையின் நாட்குறிப்பில் ஒரு தொகுதியை இரவல் வாங்கிவிட்டேன். 1736-இல் தொடங்கி 1761-இல் சாகும்வரை எழுதியிருக்கிறார். கப்பல் வந்தது, சரக்கு, கல்யாணம், கோட்டைக்குள் நடந்த வம்பு எல்லாம் உண்டு. அந்தக் காலத்துப் பேச்சுத் தமிழ், மனசுக்குள் படித்தால் ஓடாது. நேற்று மெல்ல வாய்விட்டுப் படித்தேன். பக்கத்து சீட் அம்மா எட்டிப் பார்த்து, “என்ன தம்பி, வீட்டுப் பத்திரமா?” என்றார்.

வீட்டில் மனைவி கையில் ஜெயகாந்தன் சிறுகதைகள். எங்கள் மஞ்சக்குப்பத்துக்காரர் என்ற பெருமை அவளுக்கு. எனக்கு இன்னும் தரவில்லை.

சரி, நீங்கள் என்ன படிக்கிறீர்கள்? எந்தப் பக்கத்தில் டிக்கெட்டைச் செருகி வைத்திருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். தன்னம்பிக்கைப் புத்தகம் மட்டும் வேண்டாம், மச்சான் ஏற்கெனவே மூன்று கொடுத்திருக்கிறார்.