தண்ணி எங்கேருந்து வருது மக்களே?

எண்பதுகளில் நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டியவர்களுக்குக் ‘கோட்டை சார்’ யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் நம் வரலாறு ஆசிரியர். வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, சட்டைப்பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு. பாடத்தில் பானிபட் போர் நடந்துகொண்டிருந்தாலும் கால்மணி நேரத்தில் அதைக் குளச்சல் போருக்கு இழுத்துவந்து, அங்கிருந்து உதயகிரிக் கோட்டைக்குள் நுழைந்துவிடுவார். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். அது அவருக்கும் தெரியும். கோபப்பட்டதாக நினைவில்லை.

வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்பை ஒருநாள் சுற்றுலா கூட்டிப்போவது அவர் வழக்கம். மற்ற பள்ளிக்காரர்கள் கொடைக்கானல், மூணாறு என்று போவார்கள். நமக்கு நம் குமரி மாவட்டத்துக்குள்ளேயே சிதறால் மலை, மாத்தூர் தொட்டிப்பாலம், வேளிமலை அடிவாரத்துப் பத்மநாபபுரம், திரும்பும் வழியில் உதயகிரி. “இதுக்கு எதுக்குவே காசு, சைக்கிள் மிதிச்சே போயிரலாமே” என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. அவர்களில் சிலர் இன்று நம் பழைய மாணவர் சங்கத்தின் புரவலர்கள் என்பதால் பெயர் சொல்லவில்லை.

பஸ் நாகர்கோவிலைத் தாண்டுவதற்குள் சார் எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு அறிவிப்பு செய்வார். “பழைய ஊருக்குப் போனா ராஜா பேரைக் கடைசியில கேட்டாப் போதும். முதல்ல ரெண்டு சங்கதி கேக்கணும் மக்களே. தண்ணி எங்கேருந்து வருது? இதையெல்லாம் சுமந்தது யாரு?” அவ்வளவுதான். பிறகு உட்கார்ந்து தினத்தந்தி படிக்க ஆரம்பித்துவிடுவார்.

போன குளிர்காலத்தில் மஸ்கட்டில் இருக்கும் நம் குடும்பங்கள் சேர்ந்து நிஸ்வாவுக்கு ஒருநாள் பயணம் போனபோது இந்த அறிவிப்பு காதில் கேட்டது. நிஸ்வா ஓமானின் பழைய தலைநகர்களில் ஒன்று, ஹஜர் மலைகளின் அடியில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் இமாம் சுல்தான் பின் சைஃப் கட்டிய பெரிய வட்டக் கோபுரம் அங்கே பேர்போனது. ஏறிவரும் எதிரிகளின் தலையில் கொதிக்கும் பேரீச்சம்பாகை ஊற்றுவதற்கான துளைகளை வழிகாட்டி நன்றாகவே காட்டினார். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். எனக்கோ கோட்டைக்கு வெளியே, பேரீச்சந் தோப்புக்குள் ஓடிய சிறு வாய்க்காலிலேயே கண். ‘ஃபலஜ்’ என்கிறார்கள். மலைநீரைப் பம்பு எதுவும் இல்லாமல் சரிவாலேயே ஊருக்குள் கொண்டுவந்து, இவருக்கு இத்தனை நேரம் என்று முறை வைத்துப் பங்கிடும் ஏற்பாடு. பகலில் நிழலையும் இரவில் நட்சத்திரத்தையும் பார்த்து நேரம் கணக்கிட்டிருக்கிறார்கள். நிஸ்வாவின் ஃபலஜ் தாரிஸ் 2006இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. சார் இருந்திருந்தால் கோபுரத்தின் மேல் ஏறியே இருக்கமாட்டார், வாய்க்கால் கரையிலேயே வகுப்பை உட்கார வைத்திருப்பார்.

சரி, நம் ஊருக்கு வருகிறேன்.

சிதறாலுக்கு மார்த்தாண்டம் வழியாகப் போக வேண்டும். விடிந்து வெயில் ஏறுவதற்குள் மலையில் இருக்க வேண்டும் என்பதில் சார் கறார். அடிவாரத்தில் ரப்பர் தோட்டம். வெட்டு விழுந்த மரம் ஒவ்வொன்றிலும் சிரட்டை கட்டி, அதில் பால் சொட்டிக்கொண்டிருக்கும். ஒட்டுப்பால் நாற்றம் மூக்கைத் துளைக்கும். இப்போது கல் பாவிய நல்ல பாதை இருக்கிறது, நடுநடுவே உட்கார இடமும் உண்டு. அப்போது வெறும் பாறைத் தடம்தான். கொல்லாமரத்து (முந்திரி) வேரைப் பிடித்து ஏற வேண்டிய இடமும் உண்டு. “பைய ஏறுங்க, மலை எங்கயும் ஓடிப்போகாது” என்று பின்னாலிருந்து குரல் வரும்.

ஊர்க்காரர்கள் இதை மலைக்கோவில் என்றுதான் சொல்கிறார்கள். கல்வெட்டில் திருச்சாரணத்துமலை. இரண்டு பெரும்பாறைகளுக்கு இடையே நுழைந்து மறுபக்கம் போனதும், தலைக்கு மேல் சரிந்து நிற்கும் பாறையின் முகத்தில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள். முக்குடையின் கீழ் சம்மணமிட்டவர்கள், நாகம் குடைபிடிக்க நிற்கும் பார்சுவநாதர், சிங்கமும் இரண்டு பிள்ளைகளுமாக அம்பிகா. 9ஆம் நூற்றாண்டு வேலை. பிற்காலத்தில், 13ஆம் நூற்றாண்டு வாக்கில், பகவதி கோவிலாகிவிட்டது. சமணரும் பகவதியும் ஒரே பாறைக்கடியில் இன்றும் சேர்ந்துதான் இருக்கிறார்கள்.

சார் எதையும் உடனே விளக்க மாட்டார். பத்து நிமிஷம் சும்மா பார்க்கச் சொல்லிவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் சின்னச் சின்னது எல்லாம் கண்ணில் பட்டது. பெரிய உருவங்களின் காலடியில் கட்டைவிரல் உயரத்தில் கும்பிட்டு நிற்கும் ஆட்கள். மழைத்தண்ணீர் உள்ளே வழியாதபடி பாறையே கூரையாகச் சாய்ந்திருப்பது. அப்புறம் வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் ஒரு கல்வெட்டு. எங்களில் யாருக்கும் ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. அவர் விரலால் தொடாமல், காற்றிலேயே வரிவரியாகக் காட்டிச் சொன்னார். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டு. அரட்டநேமி பட்டாரரின் மாணாக்கி குணந்தாங்கி குரத்தி (குரத்தி என்றால் பெண் குரு) என்ற சமணத் துறவி இந்த மலையின் தெய்வமான பட்டாரியாருக்குப் பொன்னணிகள் கொடுத்த கணக்கு அது. “ஆயிரம் வருஷத்துக்கு முந்தி நம்ம விளவங்கோடு தாலுகாவில ஒரு பொம்பளை, வாத்தியாரம்மா, தன் பேரைக் கல்லில வெட்ட வச்சிருக்கா. அன்னைக்கு இருந்த பெரிய பணக்காரன் பேரு எவனுக்காவது தெரியுமா?” என்று கேட்டார். எங்கள் வகுப்புப் பெண்கள் அன்றைக்கு முழுவதும் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தார்கள். பாட்டுக்குப் பாட்டு போட்டியில்கூட எங்களை விடவில்லை.

தண்ணீர்க் கேள்விக்குப் பதில் பக்கத்திலேயே இருந்தது. பாறைக்குக் கீழே சுனை. சுமந்த கேள்விக்கு அவரே சிரித்துவிட்டார். இங்கே ஒன்றையும் சுமக்கவில்லை, இருந்த இடத்திலேயே செதுக்கியிருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள் என்றார். மேலே போய் நின்றால் கிழக்கே மேற்குத் தொடர்ச்சி மலை, கீழே தென்னைக்கும் ரப்பருக்கும் நடுவே மின்னும் குழித்துறைத் தாமிரபரணி. அந்தக் காற்றுக்கே ஏறிய களைப்பு போய்விடும்.

சாப்பாட்டை மலையில் அவிழ்க்க விடமாட்டார், கீழே இறங்கித்தான். வாட்டிய வாழையிலையில் பொதிச்சோறு. அதில் தேங்காய்ச் சம்மந்தி ஒருவன், மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் ஒருத்தி, வெறும் புளிச்சோறு ஒருவன். எல்லாம் கைமாறிப் போகும். தன் பங்குக்குச் சார் ஒரு குலை மட்டி வாழைப்பழம் கொண்டுவருவார். அது குலையோடு பஸ்ஸின் முன்கம்பியில் தொங்கும். மாத்தூர் போவதற்குள் காம்பு மட்டும் மிஞ்சும்.

மாத்தூரைப் பற்றி நீட்ட வேண்டாம். பரளியாற்றுக்கு மேலே இந்த மலைக்கும் அந்த மலைக்கும் நடுவில், 115 அடி உயரத்தில், பட்டணங்கால் வாய்க்காலையே தூக்கிக் கொண்டுபோகும் தொட்டிப்பாலம். காமராசர் காலத்துத் திட்டம், 1966இல் முடிந்தது. எங்களுக்கு அது கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி கீழே எட்டிப் பார்த்துப் பயப்படும் இடம். சாருக்கோ கோவில் மாதிரி. “ராஜா கட்டினதுக்கு டிக்கெட் கொடுக்கறீங்க, இதுக்கு ஒரு கும்பிடாவது போடுங்கலே” என்பார்.

தக்கலை வந்து பத்மநாபபுரத்துக்குத் திரும்பும்போது வேளிமலை நெருங்கி வந்து நிற்கும். கோட்டைச் சுவர் தாண்டி உள்ளே போனால் தெரு, வீடு, கடை, கோவில் என்று முழு ஊர். நடுவில்தான் கொட்டாரம், அதாவது அரண்மனை. பழைய பெயர் கல்குளம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தலைநகர் திருவனந்தபுரம் போகும் வரை திருவிதாங்கூரின் அரசே இங்கிருந்துதான். 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன. கொட்டாரம் மட்டும் கேரளத் தொல்லியல் துறையிடமே நின்றுவிட்டது. நம் தாலுகாவுக்குள் இருக்கும் அரண்மனைக்குக் கேரள அரசு சீட்டு கிழிப்பதில் எங்கள் அப்பா தலைமுறைக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. என்னைக் கேட்டால், மரத்தைக் கரையான் தின்னாமல் காத்திருக்கிறார்கள், அது போதும்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும் காலுக்குத் தெரிவது குளிர்ச்சி. வெளியே வெயில் கொளுத்தும்போதும் தரை சில்லென்று இருக்கும். முகமண்டபத்தில் தொங்கும் குதிரை விளக்கையும் கூரையில் செதுக்கிய பூக்களையும் கொட்டாரத்து வழிகாட்டி தமிழும் மலையாளமும் கலந்து சொல்லிக்கொண்டே வந்தார். ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் மைக்கா பதித்த சன்னல், டச்சுக்காரர் கொடுத்ததாகச் சொல்லும் மூலிகை மரக் கட்டில், படையில் சேர வந்தவர்கள் நூற்றியொரு தடவை தூக்கிக் காட்ட வேண்டுமென்று சொல்லப்படும் கல். பையன்கள் அந்தக் கல்லை விட்டு நகரவே இல்லை. தூக்க விட்டால் யார் எத்தனை தடவை என்று பந்தயமே கட்டிவிட்டார்கள்.

சார் எங்களைக் குனிய வைத்தது நவராத்திரி மண்டபத்தில். கறுப்புத் தரை, முகம் தெரியும் பளபளப்பு. எங்களில் ஒருவன் மண்டியிட்டு, தன் பல்லை அதில் பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவார் என்று நினைத்தோம். அவரும் பக்கத்தில் குந்திவிட்டார். “இது என்ன கல்லுன்னு சொல்லு பார்ப்போம்.” ஒருவருக்கும் தெரியவில்லை. கல்லே இல்லை, சுண்ணாம்பும் சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளையும் ஏதோ பச்சிலைச் சாறும் சேர்த்து அரைத்துப் பூசித் தேய்த்தது என்றார். காலையில் ரப்பர் பால் சொட்டிக் கிடந்த அதே சிரட்டை. “இந்தத் தரைக்கு எத்தனை முட்டை வேணும்? யார் வீட்டுக் கோழி? சுட்டு அரைச்சுத் தேச்சவளுக்குக் கூலி கொடுத்தானா?” அரசாங்கம் கூப்பிட்டால் கூலியில்லாமல் போய் உழைக்க வேண்டும், அதற்கு ஊழியம் என்று பெயர், அதைச் செய்தவர்கள் உங்கள் பாட்டன் பூட்டன்மார் என்று அவர் சொன்னபோது, அதற்கு முன் அந்த மாதிரி யாரும் எங்களிடம் பேசியதில்லை. அந்த மண்டபத்தில் பக்கவாட்டில் ஒரு மரத்தட்டி. அதன் துளைகள் வழியாகத்தான் அரண்மனைப் பெண்கள் ஆட்டம் பார்த்தார்களாம். பெண்களை ஒவ்வொருவராகக் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னார். “ராணின்னாலும் இவ்வளவுதான் தெரியும்.”

ஊட்டுப்புரையில் ஒரே நேரத்தில் இரண்டாயிரம் பிராமணர்களுக்குச் சோறு போட்டதாகச் சொல்வார்கள். எங்கள் வகுப்பில் ஒருத்தி, யாரும் தூண்டாமலே, “சார், அத்தனை பேருக்கும் தண்ணி யாரு கோரினா?” என்று கேட்டுவிட்டாள். சாரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவளுக்கு அங்கேயே மிச்சமிருந்த மட்டிப்பழம் கிடைத்தது. பதிலாக அவர் எங்களைச் சாமித்தோப்புக்குக் கொண்டுபோனார், வாயாலேயே. கிணற்றில் இன்னார் தொடலாம், இன்னார் தொடக்கூடாது என்றிருந்த காலத்தில், எல்லாச் சாதிக்காரரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கட்டும் என்று, சாதிக் கொடுமையை எதிர்த்த அய்யா வைகுண்டர் அங்கே முத்திரிக்கிணறு வெட்டச் செய்த கதை. கொட்டாரத்துக் குளப்படியில் உட்கார்ந்து கேட்டோம். வழிகாட்டியும் எங்களோடு உட்கார்ந்துவிட்டார்.

உதயகிரிக்குப் போய்ச் சேரும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியான டச்சுக் கம்பெனி வீரர் டிலனாய் அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார். லத்தீனிலும் தமிழிலும் எழுதிய கல்லறை. சார் தன் பட்டப்பெயருக்கு ஏற்றபடி பேச நினைத்திருப்பார். ஆனால் பாதிப் பேர் பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை, தூங்கிவிட்டோம்.

சார் இப்போது இல்லை. அவர் எழுதி வைத்ததும் எதுவும் கிடையாது. அதனால்தான் நிஸ்வாவிலிருந்து திரும்பும்போது பஸ்ஸிலேயே பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். ஜூலை விடுமுறையில் ஊருக்கு வரும் நம் குடும்பங்கள் சேர்ந்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதே வழியில் ஒருநாள் போவது. கொட்டாரத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை, ஆகவே வேறு நாள். சாரல் காலம் என்பதால் சிதறால் பாறையில் வழுக்கும், பிள்ளைகளுக்கு நல்ல பிடிப்புள்ள செருப்பு வேண்டும். காலை ஆறு மணிக்குப் பள்ளி வாசலில் பஸ் நிற்கும். பொதிச்சோறு அவரவர் பொறுப்பு, மட்டிக்குலை என் பொறுப்பு. பஸ்ஸில் பாட்டு போடலாமா கூடாதா என்பதை மட்டும் வாட்ஸ்அப் குழுவில் சண்டை போட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.