பெயர் கிடைக்கிறது, பதில்தான் இல்லை: ஃபெடோரா 41-இல் விஎம் நெட்வொர்க்கோடு மல்லுக்கட்டு

ஃபெடோரா லினக்ஸ் 40-இலிருந்து 41-க்கு ஏறியதில் சிக்கலே இல்லை. ஏறிய பிறகு, லிப்விர்ட் என்ற மென்பொருள் வழியாக ஓடும் என் விஎம்களில் (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகள்) ஒன்றுக்கும் இணையம் இல்லை. ஒன்றரை நாள் அதற்குப் போனது.

கெஸ்ட்டுக்கு, அதாவது விஎம்முக்கு, ஐபி முகவரி ஒழுங்காகக் கிடைக்கிறது. 192.168.122.1-க்கு, அதாவது விஎம்களை ஓட்டும் ஹோஸ்ட் கணினிக்கு, பிங் அடித்தால் பதில் வருகிறது. ஹோஸ்ட்டிலிருந்து எஸ்எஸ்எச்சில் உள்ளே போக முடிகிறது. ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபியும் வந்துவிடுகிறது. அந்த ஐபிக்கு பிங் அடித்தால் மட்டும் கிணற்றில் போட்ட கல்.

என்னை ஏமாற்றியது அந்தப் பெயர்தான். பெயரை ஐபியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் ஓடுகிறதே, அப்படியானால் வெளியே போக வழி இருக்கிறது என்று நம்பிவிட்டேன். கெஸ்ட்டின் கேள்விக்குப் பதில் சொல்வது ஹோஸ்ட்டில் ஓடும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரல். வெளியே போய்க் கேட்டு வருவது ஹோஸ்ட்தானே தவிர கெஸ்ட் இல்லை. பல வருடமாகத் தெரிந்த விஷயம். அன்றைக்குப் பார்த்துத் தோன்றவில்லை.

அப்புறம் செய்ததெல்லாம் வெட்டி வேலை. விஎம்மின் மெய்நிகர் நெட்வொர்க் கார்டை விர்ட்டியோ வகையிலிருந்து இ1000 வகைக்கு மாற்றினேன். ஃபயர்வால் சேவையான ஃபயர்வால்டியை ரீஸ்டார்ட் செய்தேன். கடைசியில் விஎம்கள் இணைந்திருக்கும் ‘டீஃபால்ட்’ நெட்வொர்க்கையே அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். செய்தே தீருவேன் என்றால் முதலில் ‘விர்ஷ் நெட்-டம்ப்எக்ஸ்எம்எல்’ ஓட்டி ஒரு நகல் எடுத்து வையுங்கள். ஆறு விஎம்களுக்கும் ஒதுக்கி வைத்திருந்த நிலையான முகவரிகள் அந்த நெட்வொர்க்கின் எக்ஸ்எம்எல் அமைப்புக்குள்தான் இருந்தன. ஆறும் போயின; பிரச்சினை போகவில்லை.

நடுவில், அதே ஹோஸ்ட்டில் கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் மேல் சந்தேகம் வந்தது. சர்வீஸை நிறுத்திப் பார்த்தேன், மாற்றமில்லை. சரி, டாக்கர் இல்லை என்று அந்தக் கதவைச் சாத்தினேன். மொத்த அலைச்சலுக்கும் காரணம் இந்த அரைகுறைச் சோதனைதான். டாக்கர் ஒருமுறை மாற்றி வைத்த ஃபயர்வால் பாலிசி (எந்த விதியும் பொருந்தாத பாக்கெட்டை என்ன செய்வது என்ற முடிவு), டாக்கரை நிறுத்துவதால் பழையபடி ஆகாது.

இரவில் ஒரு ரீபூட். எல்லாம் ஓடியது! நிம்மதியாகப் படுத்தேன். காலையில் இயக்கினால் மறுபடியும் இல்லை.

கோபத்தில்தான், போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் ஞாபகம் வந்தது. முதல் மணி நேரத்திலேயே செய்திருக்க வேண்டியது. ஹோஸ்ட்டில் ஒரு டெர்மினலில் விஎம்களை ஹோஸ்ட்டோடு இணைக்கும் விர்பிஆர்0 பிரிட்ஜ், இன்னொன்றில் நிஜ நெட்வொர்க் கார்டு. கெஸ்ட்டிலிருந்து பிங் அடித்தால் பாக்கெட் பிரிட்ஜுக்கு வந்து சேர்கிறது. கார்டு வழியாக வெளியேறவில்லை. ஆக, கெஸ்ட் மேல் குற்றமில்லை, ஹோஸ்ட்டுக்குள்ளேயே யாரோ விழுங்குகிறார்கள். ஃபயர்வால் விதிகள் இருக்கும் ஐபிடேபிள்ஸில், ஹோஸ்ட்டைக் கடந்து போகும் பாக்கெட்டுகளுக்கான ஃபார்வர்ட் செயினை (விதிகளின் வரிசை) எண்ணிக்கையோடு பட்டியலிட்டேன். பாலிசி: ட்ராப், அதாவது தூக்கி எறி. ஒவ்வொரு பிங்குக்கும் அதன் எண் ஒன்று ஏறியது. கையும் களவுமாக!

ஃபெடோரா 41-இல் லிப்விர்ட் தன் மெய்நிகர் நெட்வொர்க் விதிகளை ஐபிடேபிள்ஸை விட்டு அதன் அடுத்த தலைமுறையான என்எஃப்டேபிள்ஸில் எழுதத் தொடங்கிவிட்டது. முன்பு அதன் ‘அனுமதி’ விதிகள் அதே ஃபார்வர்ட் செயினுக்குள் இருந்தன. பாலிசி ட்ராப் ஆனாலும் அதற்கு முன்பே பாக்கெட் தப்பித்துவிடும். இப்போது அவை தனி டேபிளில் இருக்கின்றன. என்எஃப்டேபிள்ஸில் ஒரு டேபிள் அனுமதித்தால் மட்டும் போதாது. அதே இடத்தில் காத்திருக்கும் அடுத்த செயினையும் பாக்கெட் தாண்ட வேண்டும். அங்கே ட்ராப் என்றால் அதுவே முடிவு.

சரி, அந்த ஒரு ரீபூட்டில் எப்படி ஓடியது? ஐபி ஃபார்வர்டிங்கை (ஹோஸ்ட் வழியாகப் பாக்கெட்டுகளைக் கடத்திவிடும் வசதி) தானே இயக்க வேண்டி வந்தால்தான் டாக்கர் பாலிசியை ட்ராப் ஆக்கும். லிப்விர்ட் முந்திக்கொண்டு இயக்கியிருந்தால் பாலிசியைத் தொடாது. பூட் ஆகும்போது எது முந்துகிறதோ அதைப் பொறுத்து என் நாள் அமைந்திருக்கிறது. இரண்டுமே அவற்றின் ஆவணங்களில் சொன்னபடிதான் நடந்துகொண்டன. வெளியீட்டுக் குறிப்பைப் படிக்காமல் அப்கிரேட் பொத்தானை அழுத்தியது நான்.

தீர்வு ஒரே வரி. ஹோஸ்ட்டில் லிப்விர்ட் அடைவிலிருக்கும் நெட்வொர்க்.கான்ஃப் கோப்பில் ஃபயர்வால்_பேக்எண்ட் மதிப்பை ஐபிடேபிள்ஸ் என்று மாற்றி, லிப்விர்ட்டின் நெட்வொர்க் சேவையான விர்ட்நெட்வொர்க்டியை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். நானும் மாற்றினேன், ஓடவில்லை. வரியை வெறும் குறிப்பாக்கிவிடும் # குறி முன்னால் இருந்தது, அதை எடுக்கவில்லை! அதற்கு ஒரு இருபது நிமிடம். எடுத்ததும் முதல் பிங்கிலேயே பதில்.

நம் சொந்த விதிகளுக்காக டாக்கர் விட்டுவைத்திருக்கும் டாக்கர்-யூசர் செயினில் விர்பிஆர்0-க்கு அனுமதி எழுதியும் சமாளிக்கலாம், என்எஃப்டேபிள்ஸும் அப்படியே இருக்கும். ஆனால் அந்த விதிகளை ஒவ்வொரு பூட்டிலும் திரும்பப் போட வேண்டும், அதனால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

மீதி நேரம் முகவரிகளை மீட்பதில் போனது. நெட்வொர்க் கார்டின் அடையாளமான மேக் எண்கள் ஒவ்வொரு விஎம்மின் எக்ஸ்எம்எல்லிலும் பத்திரமாக இருந்தன. ஐபி எண்களில் ஐந்து என் ஹோஸ்ட்ஸ் கோப்பில் கிடைத்தன. ஆறாவதற்கு என்ன கொடுத்திருந்தேன் என்பது இன்னும் நினைவுக்கு வரவில்லை. புதிதாக ஒன்றைக் கொடுத்துவிட்டு, எந்த ஸ்கிரிப்ட் உடையப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.