லத்தீனோ ஆவணப்படத்துக்கு நிதி: முதல் காசை யாரிடம் வாங்குவது

அமெரிக்காவில் லத்தீனோ மக்களை, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரைப் பற்றி ஆவணப்படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, ‘யார் அதிகம் தருவார்கள்?’ என்று. இந்த விண்ணப்பங்களோடு மல்லுக்கட்டிப் பழகிய எங்களுக்கு வேறொரு கேள்விதான் பெரிது: முதல் காசை யாரிடம் வாங்குகிறீர்கள்? ஆரம்பத்தில் வந்த 5,000 டாலர் தவறான கையிலிருந்து வந்திருந்தால், முடிவில் வரவேண்டிய 1,00,000 வராமலே போகும்.

காரணம் பி.பி.எஸ். என்ற பொதுத் தொலைக்காட்சியின் விதி. படத்துக்குப் பணம் போட்ட எல்லோரையும் அது மூன்று கேள்விகளால் சலிக்கும். உள்ளடக்கத்தில் அவர்கள் கை வைத்தார்களா? கை வைத்திருப்பார்கள் என்று பார்ப்பவருக்குத் தோன்றுமா? படம் அவர்களுக்கு விளம்பரமாகிறதா? ஆளைக் கவிழ்ப்பது இரண்டாவது கேள்வி. பண்ணைத் தொழிலாளர்களைப் பற்றிய படத்துக்கு ஒரு பண்ணைத் தொழிலாளர் சங்கம் காசு தருகிறது என்று வையுங்கள். சங்கத்தார் ஒரு ஷாட்டைக்கூட மாற்றச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் ‘சங்கத்துப் படம்’ என்று ஒருவர் சொல்ல இடம் இருக்கிறதே, அது போதும். குடியேற்ற வழக்கு நடத்தும் அமைப்பிடம் வாங்கிக் குடியேற்றத்தைப் பற்றிப் படம் எடுத்தாலும் இதே கதிதான். பிறகு திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பார்கள். செலவாகிவிட்ட பணத்தை எங்கிருந்து எடுத்துத் திருப்புவது? இணையத்தில் பலரிடம் திரட்டும் சிறு தொகைகள் பொதுவாகத் தொல்லை தருவதில்லை. பெயரும் தொகையும் எழுதிய பட்டியலை மட்டும் முதல் நாளிலிருந்தே வைத்திருங்கள்.

பொதுத் தொலைக்காட்சியை இவ்வளவு பெரிதாகப் பேசக் காரணம், லத்தீனோ படங்களுக்கு நெடுங்காலம் நம்பகமான கதவாக இருந்தது அதுதான். லத்தீனோ பப்ளிக் பிராட்காஸ்டிங், சுருக்கமாக எல்.பி.பி., 1998-இல் நடிகர் எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸும் மார்லின் டெர்மரும் தொடங்கியது, பி.பி.எஸ்.ஸில் வரும் ‘வோசெஸ்’ தொடர் அவர்களுடையது. கறுப்பினத்தவர், பூர்வகுடியினர், பசிபிக் தீவினர், ஆசிய அமெரிக்கர் ஆகியோருக்கும் இப்படி ஓர் அமைப்பு தனித்தனியே உண்டு. (ஆசிய அமெரிக்கருக்கானது சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கும் ‘காம்’. அமெரிக்காவில் குடியேறிய தமிழர் தம் மக்களைப் பற்றிப் படம் எடுத்தால் தட்டவேண்டிய கதவு அது.) இவற்றோடு ஐ.டி.வி.எஸ்.; சுயாதீனப் படைப்பாளிகளுக்காக அமெரிக்க காங்கிரஸ் 1988-இல் வழிசெய்தது, ‘இண்டிபெண்டன்ட் லென்ஸ்’ தொடரை நடத்துவது.

இவை அத்தனைக்கும் ஊற்றாக இருந்தது சி.பி.பி. என்ற பொது ஒலிபரப்புக் கழகத்தின் பணம். ஜூலை 2025-இல் காங்கிரஸ் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கென ஒதுக்கியிருந்த ஏறத்தாழ 110 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆகஸ்ட் 1 அன்று கழகம் கடையைக் கட்டப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் மனிதவியல் துறைகளுக்கான மத்திய நிதியமைப்பான என்.இ.எச்., ஏற்கெனவே வழங்கியிருந்த மானியங்களில் ஆயிரத்துக்கு மேல் நடுவழியில் ரத்து செய்தது. ஆகவே ‘முதலில் எல்.பி.பி., பிறகு ஐ.டி.வி.எஸ்.’ என்று வரிசை போட்டுத் தரும் பழைய வழிகாட்டிகளின் தொகைகளையும் தேதிகளையும் நம்பிப் படப்பிடிப்புக்குத் தேதி குறிக்காதீர்கள். அந்தந்த அமைப்பின் திட்ட அதிகாரிக்கு நாலு வரி மின்னஞ்சல் போடுங்கள்: படம் எதைப் பற்றி, எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அடுத்த அழைப்பு எப்போது. விண்ணப்பிக்கும் முன் பேசுவதில் தவறே இல்லை. அதற்குத்தான் அந்த அதிகாரி இருக்கிறார்.

இன்னொன்று. இலவச மானியம் வேறு, பொதுத் தொலைக்காட்சிக்காரர்கள் தரும் பணம் வேறு. பின்னது ஒப்பந்தம்: பணம் தருவார்கள், பதிலுக்கு அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி உரிமையைச் சில ஆண்டுகளுக்கு எடுத்துக்கொள்வார்கள். அந்த உரிமையை முன்பே ஒரு ஓ.டி.டி. தளத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் விற்க உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது. காப்புரிமை, பட்ஜெட், இறுதி எடிட் மூன்றும் உங்கள் கையில் இருந்தால்தான் அவர்கள் கணக்கில் நீங்கள் ‘சுயாதீனம்’. மாணவர் படம் செல்லாது. குடியுரிமை அல்லது கிரீன் கார்டு வேண்டும். விசாவில் இருப்பவர்களுக்கு சன்டான்ஸ் ஆவணப்பட நிதி போன்றவை திறந்தவை. அது எந்த நாட்டவரும் கேட்கக்கூடியது.

கட்டம் பார்த்துக் கேளுங்கள். கையில் கதையும் கொஞ்சம் ஃபுட்டேஜும் மட்டும் இருக்கிறதா, கேட்டபல்ட் மாதிரி ஆரம்பக் கட்டத்துக்கு என்றே இருக்கும் நிதிக்குப் போங்கள். இயக்குநர் பெண் என்றால் சிக்கன் அண்ட் எக். சமூகநீதி சார்ந்த பெரிய படத்துக்கு ஃபோர்டு அறக்கட்டளையின் ஜஸ்ட்ஃபிலிம்ஸ். எல்லோரும் மறந்துவிடுவது வட்டார நிதி. டெக்சாஸில் குடியிருப்பவர்களுக்கு ஆஸ்டின் ஃபிலிம் சொசைட்டி, தென்மாநிலங்களுக்கு சதர்ன் டாக்குமென்டரி ஃபண்ட். தொகை சிறிதுதான், ஆனால் அந்த ஊர்க்காரர்கள் மட்டுமே போட்டி போடுவார்கள். ‘முன்பே யாராவது நம்பியிருக்கிறார்களா’ என்று பெரிய இடங்களில் கேட்கும்போது காட்ட ஒரு பெயரும் கிடைக்கும். இந்தப் பணம்தான் முதல் காசாக இருக்கத் தகுந்தது என்பது எங்கள் கட்சி.

அறக்கட்டளைகள் பொதுவாகத் தனி ஆளுக்குக் காசோலை எழுதாது. நடுவில் வரிவிலக்குப் பெற்ற ஓர் அமைப்பு நிற்கவேண்டும். ஃபிஸ்கல் ஸ்பான்சர் என்பார்கள். லாஸ் ஏஞ்சலஸில் ஐ.டி.ஏ. என்ற சர்வதேச ஆவணப்படச் சங்கம், நியூயார்க்கில் விமன் மேக் மூவீஸ் போன்றவை இதைச் செய்கின்றன. வரும் தொகையில் பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம் அவர்களுக்கு. இங்கே ஒரு கூட்டல் தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. 7 சதவீதம் கழித்து உங்கள் கையில் 50,000 நிற்கவேண்டுமானால் கேட்கவேண்டியது 53,500 அல்ல, 53,763. ஐம்பதாயிரத்தை 0.93-ஆல் வகுக்கவேண்டும். வித்தியாசம் சிறிதுதான், ஆனால் பட்ஜெட்டைப் படிக்கிறவர் கண்ணில் முதலில் படுவதும் அதுதான். ஸ்பான்சரும் விண்ணப்பம் வாங்கி, குழு கூடித்தான் ஏற்றுக்கொள்ளும். நிதிக் கெடுவுக்கு முந்தின வாரம் போய் நிற்காதீர்கள். படத்துக்கென்று தனி எல்.எல்.சி. (வரையறுத்த பொறுப்புள்ள சிறு நிறுவனம்) பதிவதை, முதல் ஒப்பந்தம் கைக்கு எட்டும்வரை தள்ளிப்போடலாம். கலிஃபோர்னியாவில் வருமானமே இல்லாவிட்டாலும் ஆண்டுக்குக் குறைந்தது 800 டாலர் வரி கட்டியாகவேண்டும். ஐந்து ஆண்டு இழுக்கும் படத்தில் அது 4,000.

இனி விண்ணப்பம். ஐ.டி.ஏ.யும் சன்டான்ஸும் சேர்ந்து உருவாக்கிய பொது விண்ணப்ப வடிவத்தைப் பல நிதிகள் ஏற்கின்றன. அதை ஒருமுறை ஒழுங்காக எழுதி வைத்தால் பாதி வேலை முடிந்தது. அதில் கதைச் சுருக்கம் ஒரு பெட்டி, பொருள் பற்றிய குறிப்பு வேறொரு பெட்டி. பலர் இரண்டிலும் ஒன்றையே எழுதுகிறார்கள். ‘இம்பீரியல் பள்ளத்தாக்கின் லெட்டூஸ் வயல்களில் எல்லை தாண்டி வந்து வேலை செய்வோர் நிலை’ என்பது பொருள். ‘மெக்சிகாலியில் நள்ளிரவு கழிந்ததும் எழுந்து வரிசையில் நின்று எல்லை கடக்கும் ஒருத்தி, முட்டி தேய்ந்தபின் இந்தப் பருவத்தோடு நிறுத்துவதா என்று முடிவெடுக்கவேண்டும்’ என்பது கதை. முன்னதில் யாரும் எதையும் முடிவு செய்யவில்லை. அதனால் அடுத்து என்ன நடக்கும் என்று படிப்பவருக்குக் கேட்கத் தோன்றாது.

ஆனால் பக்கங்களைவிட வலுவாகப் பேசுவது மாதிரிக் காட்சி. 5 முதல் 15 நிமிடம் வரை கேட்பார்கள். டிரெய்லர் அனுப்பாதீர்கள். முதல் இரண்டு மூன்று நிமிடம் ஒரே காட்சியாக, வெட்டு குறைவாக, இசை போடாமல் இருக்கட்டும். அந்த வீட்டுக்குள் உங்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது என்பதை அதைவிட எதுவும் காட்டாது. பேராசிரியர் ஒருவர் புத்தக அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து விளக்குவதில் தொடங்கினால் அங்கேயே சோர்ந்துவிடும். ஸ்பானிஷ் பேச்சுக்கு சப்டைட்டில் கட்டாயம், ஒரு வரிக்கு 42 எழுத்துக்குள். காட்சியை ஏற்றிய இணைய இணைப்பையும் அதன் கடவுச்சொல்லையும், உங்கள் கணக்கு திறந்திராத வேறொரு கணினியில் போட்டுச் சோதியுங்கள். தேர்வு முடியும்வரை, அதாவது நாலைந்து மாதம், அந்த இணைப்பைத் தொடாதீர்கள்.

இப்போது எங்களை அதிகம் அலைக்கழித்த விஷயம்: பாட்டு. லத்தீனோ வீட்டில் கேமராவை வைத்தால் எங்கோ ஒரு ரேடியோ பாடும். ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் ஒரு சமையலறை. அம்மா சோள மாவு பிசைகிறாள், அலமாரியில் இருக்கும் ரேடியோவில் ஒரு ராஞ்செரா, மெக்சிகோ மரபுப் பாட்டு. அந்தப் பாட்டுக்கு உரிமை இரண்டு. மெட்டும் வரியும் பதிப்பகத்துடையது, பதிவு இசை நிறுவனத்துடையது. இரண்டையும் வாங்கப் போனால் பட்ஜெட் தாங்காது. ஆவணப்படக்காரர்கள் 2005-இல் நியாயப் பயன்பாடு (உரிமையாளரின் அனுமதி இல்லாமலே பயன்படுத்தச் சட்டம் தரும் இடம்) பற்றி வகுத்த நெறிகளில் இதற்கு வழி உண்டு: வேறொன்றைப் படம்பிடிக்கையில் தற்செயலாக வந்து விழுந்த பாட்டை, காட்சியின் தேவைக்கு உட்பட்டு வைத்துக்கொள்ளலாம். அதை நாசமாக்குவது எடிட் மேசை. பாட்டு நன்றாக இருக்கிறதே என்று அடுத்த ஷாட்டுக்கும் இழுத்து, அதன்மேல் சாலைக் காட்சியை ஓட்டினால் அது தற்செயல் அல்ல, பின்னணி இசை. வாதம் அத்தோடு முடிந்தது. வெட்டும் இடத்தில் பாட்டும் அறுந்துபோகட்டும். ஒளிபரப்புக்கு முன் பிழை-விடுதல் காப்பீடு, அதாவது உரிமை மீறல், அவதூறு போன்ற வழக்குகளுக்கான காப்பீடு எடுத்தாகவேண்டும். நியாயப் பயன்பாடு என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு துண்டுக்கும் வழக்கறிஞரின் எழுத்துமூலக் கருத்தைக் காப்பீட்டாளர் கேட்பார். வழக்கறிஞர் கட்டணத்தையும் காப்பீட்டுக் கட்டணத்தையும் முதல் பட்ஜெட்டிலேயே எழுதுங்கள். இறுதியில் யாரும் கூடுதலாகத் தரமாட்டார்கள்.

பட்ஜெட்டில் விடுபடும் இன்னொரு வரி மொழிபெயர்ப்பு. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நாலு மணி நேரமாவது பிடிக்கும், ஆங்கிலத்துக்கு மாற்ற மேலும் நேரம். கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்னார்டு பக்கத்துப் பழத்தோட்டங்களில் பலர் பேசுவது ஸ்பானிஷே அல்ல, மிஸ்டெக் என்ற மெக்சிகோ பூர்வகுடி மொழி. மிஸ்டெக்கிலிருந்து ஸ்பானிஷ், அங்கிருந்து ஆங்கிலம் என்று இரண்டு ஆள் வேண்டும். இருவருக்கும் கூலி உண்டு.

உரிய ஆவணம் இல்லாமல் வாழ்பவர் படத்தில் இருந்தால், முகத்தை மறைப்பதா என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே அவரோடு பேசி முடிவெடுங்கள். பிறகு மறைக்கலாம் என்பது வீண் பேச்சு. முகத்தை மங்கலாக்கினாலும் குரல், தெரு, வண்டி எண் காட்டிக்கொடுக்கும். ஒப்புதல் படிவம் ஸ்பானிஷில் இருக்கட்டும், வாசித்தும் காட்டுங்கள். ஹார்டு டிஸ்க்கைப் பூட்டி வையுங்கள். ‘இவர்களை எப்படிப் பாதுகாப்பீர்கள்?’ என்று நிதிக் குழுக்கள் இப்போது நேராகவே கேட்கின்றன, பொத்தாம்பொதுவான பதில் எடுபடாது.

பயிற்சித் திட்டங்களைப் பணத்துக்காக நாடாதீர்கள். ஃபயர்லைட் மீடியாவின் டாக்குமென்டரி லேப், இயக்குநர் ஸ்டான்லி நெல்சனும் மார்சியா ஸ்மித்தும் நிறுவிய அமைப்பினுடையது. முதல் அல்லது இரண்டாவது முழுநீளப் படம் எடுக்கும், வெள்ளையரல்லாத இயக்குநர்களுக்கானது, ஒன்றரை ஆண்டு ஓடும். சிகாகோவில் கார்டெம்க்வின் நடத்தும் டைவர்ஸ் வாய்சஸ் இன் டாக்ஸ், மெய்ன் மாநிலம் கேம்டனில் பாயிண்ட்ஸ் நார்த், லத்தீனோ தயாரிப்பாளர் சங்கமான நாலிப்பின் திட்டங்கள் எல்லாம் உண்டு. பிட்ச், அதாவது நிதி தருவோர் முன் படத்தை எடுத்துச் சொல்லும் பயிற்சி உள்ள இடத்துக்குக் கொஞ்சம் காட்சிகள் கையில் இருக்கும்போது போங்கள்; எடிட் ஆலோசனை தரும் இடத்துக்கு ரஃப் கட்டோடு (முதல் கரட்டு எடிட்) போங்கள். சீக்கிரம் போனால் பேச ஒன்றும் இருக்காது. ஏறக்குறைய முடிந்த ஃபைன் கட்டோடு போனால் நல்ல யோசனையைக் கேட்டும் மாற்ற மனம் வராது.

தேர்வானபின் பணம் உடனே வராது. ஒப்பந்தம் பேசி முடிய மாதங்கள் ஆகும். அதன்பிறகும் தவணைதான்: கையெழுத்தில் ஒரு பங்கு, ரஃப் கட்டில் ஒன்று, ஃபைன் கட்டில் ஒன்று, மிச்சம் எல்லாவற்றையும் ஒப்படைத்தபின். எடிட்டருக்கு வாராவாரம் சம்பளம், உங்களுக்குக் கட்டத்துக்குக் கட்டம் வரவு. இந்த இடைவெளியில்தான் படங்கள் நின்றுபோகின்றன. ஒப்பந்தம் பேசும்போதே முதல் தவணையைக் கூட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். தொகையைக் கூட்ட மறுப்பவர்கள் தவணையை மாற்றச் சம்மதிப்பதுண்டு.

ஒப்படைக்கும் பட்டியல் நீளமானது. பி.பி.எஸ். கணக்கில் ஒரு மணி நேரம் என்பது 56 நிமிடம் 46 வினாடி. ஒலி அளவு, சத்தத்தை அளக்கும் எல்.கே.எஃப்.எஸ். என்ற அலகில், மைனஸ் 24; இரண்டு கூடலாம், குறையலாம். மூடிய வசன எழுத்து (காது கேளாதோருக்கான குளோஸ்டு கேப்ஷன்), இசைப் பட்டியல், காப்பீட்டுச் சான்று, செலவுக் கணக்கு, படத்தில் வரும் ஒவ்வொருவரின் ஒப்புதல் படிவம். கடைசித் தவணையை நிறுத்தி வைப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி இனம்தான். மூன்று ஆண்டுக்கு முன் பேட்டி கொடுத்துவிட்டு ஊர் மாறிப் போனவரின் கையெழுத்து இருக்காது. அன்றன்றைய படிவத்தை அன்றிரவே போனில் படம் எடுத்து, படப்பிடிப்புத் தேதி போட்ட கோப்புறையில் ஃபுட்டேஜோடு சேர்த்து வையுங்கள்.