காளைக் கன்றெல்லாம் எங்கே போகிறது?

"கறி, மீன் வேண்டாம்னா சரி. பால்ல என்னங்க பாவம் இருக்கு? மாட்டைக் கொன்னா பால் கறக்குறாங்க?"

வீகன் என்று சொன்ன மறுநிமிடம் வருகிற கேள்வி இது. அதுவும் பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாகக் கறி சாப்பிடாத வீடுகளிலிருந்துதான் வருகிறது. கறி சாப்பிடுகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை, "அப்போ பிரியாணி?" என்று பரிதாபமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர்கள் பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆட்டை வெட்டினால்தான் கறி என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. பால் விஷயம் அப்படியில்லை. இறைச்சி, பால், முட்டை, தேன், தோல், பட்டு என்று விலங்கிடமிருந்து எடுப்பது எதுவும் வேண்டாம் என்பதுதான் வீகன் வாழ்க்கை. அதற்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் நான் கசாப்புக் கடையைக் காட்ட மாட்டேன், பால் பாக்கெட்டைத்தான் காட்டுவேன்.

மாடு சும்மா பால் கொடுக்காது, கன்று போட்டால்தான் கொடுக்கும். நகரத்திலேயே வளர்ந்த பல பேருக்கு இது மனதில் உறைப்பதே இல்லை. மாடு என்றால் பால் தரும், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சினை பிடித்து, ஒன்பது மாதத்துக்கு மேல் சுமந்து, ஈன்ற பிறகுதான் மடி நிறைகிறது. கறவை வற்றினால் வருமானமும் வற்றிவிடும் என்பதால், கன்று போட்டு இரண்டு மூன்று மாதத்திலேயே அடுத்த சினை ஊசிக்கு நாள் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு கன்று என்பது மாடு வைத்திருப்பவர் எல்லோரும் விரும்புகிற கணக்கு. பிறக்கிற கன்றில் ஏறக்குறைய பாதி காளைக் கன்று, அது யாரும் மாற்ற முடியாத இயற்கையின் கணக்கு.

சரி, அந்தப் பாதி எங்கே? 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்கச் சுமார் 19.2 கோடி மாடுகள். அதில் பசுவும் கிடேரியுமாகப் பெண் மாடுகள் மட்டும் 14.5 கோடி. எருது, பொலிகாளை, காளைக் கன்று எல்லாம் சேர்த்தால் மிச்சம் 4.7 கோடிதான் வருகிறது. 2012 கணக்கெடுப்போடு ஒப்பிட்டால் பெண் மாடு கூடியிருக்கிறது, ஆண் மாடு குறைந்திருக்கிறது. சரிபாதியாகப் பிறந்தது மூன்றுக்கு ஒன்றாகக் குறைவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். இதைச் சொல்வது விலங்கு நல அமைப்பு இல்லை, அரசாங்கமே எண்ணிப் போட்ட கணக்கு.

முன்பு காளைக் கன்றுக்கு வேலை இருந்தது. ஏர், வண்டி, செக்கு, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கவலை என்று அது இல்லாமல் விவசாயமே நடக்காது. காங்கேயத்திலும் உம்பளச்சேரியிலும் மாட்டை மதித்ததே உழைப்புக்காகத்தான், பால் இரண்டாம்பட்சம். அந்த உழைப்பும் சுகமானது இல்லை, மூக்கணாங்கயிறும் தார்க்குச்சியும் போட்டு வாங்கிய உழைப்பு. ஆனால் பிறந்த கன்று உயிரோடு வளர ஒரு காரணமாவது இருந்தது. டிராக்டர் வந்தது, கூடவே ஜெர்சி, எச்எப் (ஹோல்ஸ்டீன் பிரீசியன்) என்ற வெளிநாட்டுக் கறவை இனங்களின் கலப்பும் வந்தது. கலப்பினக் காளைக்குத் திமில் சரியாக இல்லை, நுகத்தடி நிற்காது, நம் ஊர் வெயிலும் அதற்கு ஆகாது. உழவுக்கும் உதவாது, பாலும் தராது. பெண் கன்றாகவே பிறக்கும்படி பிரித்தெடுத்த விந்து ஊசியை இப்போது அரசாங்கமே மானியத்தில் போடுகிறது. காளைக் கன்று யாருக்கும் வேண்டாத ஒன்று என்பதற்கு இதைவிட வெளிப்படையான ஒப்புதல் வேண்டுமா?

தாராபுரம் பக்கம் என் சித்தி வீட்டுக் கட்டுத்தரையில் நாலு உருப்படி நிற்கும். கறக்கிற நேரத்தில் முதலில் கன்றை அவிழ்த்துவிடுவார். அது ஓடிப்போய் மடியை முட்டும், நாலு இழுப்பு இழுக்கும், தாய்க்குப் பால் இறங்கும். நுரை கன்றின் வாயோரம் தெரியும்போதே கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்து முன்காலுக்குப் பக்கத்தில் கட்டிவிடுவார். தாய் அதை நக்கிக்கொண்டே நிற்கும், பின்னால் பாத்திரத்தில் பால் இறங்கிக்கொண்டிருக்கும். கன்று செத்துப்போனால்? அதற்கும் நம் ஊரில் வழி வைத்திருந்தார்கள்: தோலை உரித்து வைக்கோலை அடைத்து அதே இடத்தில் நிறுத்துவது. தாய் அதையும் நக்கிக்கொண்டு நிற்கும். சென்னைத் தெருக்களில் பால்காரர்கள் இந்த வைக்கோல் கன்றைச் சுமந்துகொண்டு மாட்டோடு வந்ததைப் பார்த்த வயசாளிகள் இன்றும் இருக்கிறார்கள். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்தது என்றும், அதற்காக மனுநீதிச் சோழன் பெற்ற மகனையே தேர்க்காலில் இட்டான் என்றும் கதை சொல்லி, அவனுக்குச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலையும் வைத்திருக்கிறோம். பசுவுக்குக் கன்றின் மேல் இருக்கிற பாசம் நமக்குத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

சித்தி கொடுமைக்காரி இல்லை. மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் அவருக்கு ராத்திரி தூக்கம் வராது, ஒவ்வொன்றையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். ஆனால் காளைக் கன்று பிறந்தால் முகம் விழுந்துவிடும். தரகர் வருவார், தோளில் கிடக்கிற துண்டைக் கைமேல் போட்டு மூடிக்கொண்டு சித்தப்பாவின் விரலைப் பிடித்து விலை பேசுவார், டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். எங்கே போகிறது என்று சித்தியிடம் கேட்டால் "என்ன கண்ணு பண்றது, சும்மா கட்டித் தீனி போட்டாக் கட்டுப்படியாகுமா?" என்பார். கேட்டதற்கு அது பதில் இல்லை, அவருக்கும் தெரியும். பால் கொள்முதல் விலைக்கும் தீவன விலைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிற ஒரு குடும்பத்திடம் போய், பால் தராத ஓர் உயிரை இருபது வருஷம் வைத்துக் காப்பாற்று என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? கொள்முதல் விலை அந்தக் கன்றின் தீனியைச் சேர்த்துப் போடப்படுவதில்லை. சேர்த்தால் நாம் வாங்குகிற விலைக்குப் பால் கிடைக்காது.

கன்றுக்கு மட்டும் இந்தக் கதி இல்லை. மாடு இருபது வருஷம் வரைக்கும் வாழக்கூடிய பிராணி. ஆனால் நாலைந்து ஈத்து முடிந்து கறவை குறைந்தாலோ, ஊசி போட்டும் சினை நிற்கவில்லை என்றாலோ அதற்குப் பெயர் மாறிவிடும், அடிமாடு. பொள்ளாச்சிச் சந்தையில் லாரி ஏறிப் பாலக்காட்டுப் பக்கம் போகிற மாடுகளில் எத்தனையோ இப்படி நம் வீட்டுக் காப்பிக்குக் கறந்து ஓய்ந்தவைதான். கறி கேரளத்துக்கு, தோல் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் ராணிப்பேட்டைக்கும். வட இந்தியாவில் எருமைக்கும் இதே கதை. எருமைக்கறி ஏற்றுமதியால்தான் இந்தியா உலக மாட்டிறைச்சிச் சந்தையில் முன்வரிசையில் நிற்கிறது. உலகத்திலேயே அதிகமாகப் பால் உற்பத்தி செய்கிற நாடும் நாம்தான், 2023-24இல் ஏறத்தாழ 23.9 கோடி டன். இரண்டும் ஒரே நாட்டில் நடப்பது தற்செயல் இல்லை, ஒரே தொழிலின் இரண்டு வாசல்.

அதனால்தான் வாடகை வீட்டுக்குப் போனால் "நீங்க நான்வெஜ்ஜா?" என்று கேட்டுக் கதவைச் சாத்துகிற ஆட்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. காலையில் டிகிரி காப்பி, மத்தியானம் தயிர்சாதம், வெள்ளிக்கிழமை நெய்ப் பொங்கல் என்று இருந்துகொண்டு மாட்டுக்கறி சாப்பிடுகிறவரை இழிவாகப் பார்க்கிறார்கள். அந்த மாட்டை உற்பத்தி செய்யப் பணம் கொடுத்தது இவர், மிஞ்சியதைச் சாப்பிட்டது அவர். இதில் எங்கிருந்து வந்தது உயர்வு தாழ்வு? சைவம் என்பது நம் ஊரில் பல இடங்களில் சாதியின் சுத்தக் கணக்காகத்தான் இருக்கிறது, அதில் மாட்டின் வலிக்கு இடமே இல்லை. யார் தொட்டது, யார் வீட்டுப் பாத்திரம் என்பதுதான் அங்கே கேள்வி. வீகன் பேச்சை அந்தக் கூட்டத்தோடு சேர்த்துவிட வேண்டாம் என்று பார்க்கிறவரிடமெல்லாம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். பசுவுக்காகத் தெருவில் மனிதனை அடிக்கிறவர்கள் பால் குடிப்பதை நிறுத்தியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

"நாங்க கொல்லலையே, கடையில வாங்குறோம், அவ்ளோதான்" என்பதற்கு வள்ளுவரே புலால் மறுத்தலில் பதில் எழுதிவைத்துவிட்டார்: தின்பதற்காக உலகம் கொல்லாமல் இருந்தால், விலைக்காக ஊன் விற்கிறவனும் இருக்க மாட்டான் என்று. அவர் ஊனுக்குச் சொன்னது பாலுக்கும் அப்படியே பொருந்துகிறது. செடிக்கும் உயிர் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒன்றுதான். மாடு தின்பதும் செடிதான், அது ஒரு லிட்டர் பால் கறக்கத் தின்கிற தீனியைப் பாருங்கள். செடிமேல் உண்மையான அக்கறை இருந்தால் மாட்டைச் சுற்றிக்கொண்டு போகாமல் நேரடியாகச் சாப்பிடுவதுதான் குறைந்த சேதம்.

கஷ்டமான கேள்வி வேறு. 1970இல் வெண்மைப் புரட்சி தொடங்கி, அமுல் குரியன் மாதிரி ஆட்கள் கட்டிய கூட்டுறவு அமைப்பால் நிலமில்லாத குடும்பங்களுக்கு வாராவாரம் கையில் காசு வந்தது, அதிலும் பெண்கள் கையில் வந்தது. என் சித்தி மகள் கல்லூரி முடித்தது அந்தப் பணத்தில்தான். நாளைக்கே எல்லோரும் பாலை நிறுத்தினால் இவர்கள் என்ன ஆவார்கள்? நாளைக்கே எல்லோரும் நிறுத்தப் போவதில்லை என்பது சுலபமான பதில், எனக்கே அது போதவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்போது, தீவனத்துக்கும் ஊசிக்கும் போகிற மானியம் நிலக்கடலைக்கும் சிறுதானியத்துக்கும் திரும்ப வேண்டும் என்பேன். மானியம் திரும்பும் என்று உத்தரவாதம் கொடுக்க என்னால் ஆகாது. ஆனால் ஒரு குடும்பம் பிழைக்க வேறு வழி இல்லை என்பது அந்தக் குடும்பத்துக்கான நியாயம். வேறு பத்து வழி இருக்கிற நான் அந்த நியாயத்தை இரவல் வாங்கிக்கொண்டு பில்டர் காப்பி குடிக்க முடியாது.

முட்டையிலும் இதேதான். சத்துணவில் போடுகிற முட்டையை நிறுத்தச் சொல்லிக் கொடி பிடிக்கிற கும்பலில் நான் இல்லை. வீட்டில் பருப்புக்கே வழியில்லாத பிள்ளையின் தட்டில் கை வைத்து நிரூபிக்க வேண்டிய அறம் எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் என் தட்டு வேறு. நாமக்கல்லில் வரிசையாகப் போகிற அந்த நீளக் கொட்டகைகளுக்குள் ஒரு கோழிக்குக் கிடைக்கிற இடம் ஒரு ஏ4 தாள் அளவுகூட இல்லை. முட்டை இனத்தில் பிறக்கிற சேவல் குஞ்சு முட்டையும் போடாது, கறிக்கும் சீக்கிரம் தேறாது, குஞ்சுப் பொரிப்பகத்திலேயே முதல் நாளே கழித்துவிடுவார்கள். அப்படிக் குஞ்சைக் கொல்வதை ஜெர்மனி 2022இலிருந்து தடை செய்திருக்கிறது. கழித்ததில் கொஞ்சம் நம் தெருவுக்கே வரும், பச்சையும் ரோஸுமாகச் சாயம் முக்கி, கூடையில் கீச்கீச்சென்று! திருவிழாவில் குழந்தைகள் அழுது அடம்பிடித்து வாங்கும் கலர் கோழிக்குஞ்சு பெரும்பாலும் அதுதான். பட்டு பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. பூச்சி கூட்டை உடைத்து வெளியே வந்தால் இழை அறுந்துவிடும், அதனால் கூட்டோடு வேக வைக்கிறார்கள். ஒரு முகூர்த்தப் புடவைக்கு ஆயிரக்கணக்கில்.

சாப்பாட்டுக்கு வருகிறேன், கடைசியில் எல்லோரும் கேட்பது அதைத்தானே. உண்மையில் தமிழ்ச் சமையலில் விட வேண்டியது கொஞ்சம்தான். இட்லி, தோசை, சாம்பார், ரசம், புளிக்குழம்பு, கூட்டு, சுண்டல், கீரை, இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் எதுவுமே மாறாது. நெய்யை நிறுத்தினால் பருப்புசாதத்துக்கு நல்லெண்ணெய் இருக்கிறது, சிலருக்கு அதுதான் பிடிக்கும். சூப்பர் மார்க்கெட்டில் அட்டைப் பெட்டியில் விற்கிற பாதாம் பாலையும் ஓட்ஸ் பாலையும் பார்த்து, இது பணக்காரர் சமாச்சாரம் என்று முடிவு கட்டாதீர்கள். கடலைப் பருப்பை, நான் சொல்வது நிலக்கடலையை, ராத்திரி ஊறவைத்துத் தோலைக் கழித்து அரைத்து வடிகட்டிக் காய்ச்சினால் பால் வரும், காப்பிக்கு முதல் வாரம் நாக்கு ஒத்துக்கொள்ளாது, அப்புறம் பழகிவிடும். பழகாவிட்டால் இருக்கவே இருக்கிறது வரக்காப்பி. அதே கடலைப்பாலை வெதுவெதுப்பாக ஆற்றி, நாலைந்து மிளகாய்க் காம்பைப் போட்டு மூடிவைத்தால் காலையில் தயிராகத் தோய்ந்திருக்கும், அடுத்த முறைக்கு அதிலேயே ஒரு ஸ்பூன் எடுத்து உறைக்கு ஊற்றலாம். வைட்டமின் பி12 மட்டும் செடியிலிருந்து கிடைக்காது, மாத்திரை போட்டே ஆக வேண்டும், கீரை சாப்பிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுண்ணாம்புச்சத்துக்குக் கேழ்வரகும் எள்ளும் முருங்கைக்கீரையும் உண்டு.

மோர்க்குழம்பு மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. கடலைத் தயிரை அடுப்பில் வைத்தால் திரிந்து திரிந்து போகிறது, அரிசி மாவு கரைத்துவிட்டுப் பார்த்தேன், கூழ் மாதிரி ஆகிவிட்டது. பக்குவம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.